மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்

வங்கியில் கடன் பிரிவில் அமர்ந்திருந்த ஏழு ஆண்டுகளில், ஜூன் ஜூலை மாதங்களில் ஒரே காட்சியைத் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன். தகப்பனார் ஒருவர் கையில் பிளாஸ்டிக் உறையோடு உள்ளே வருவார். பின்னால், மீசை அரும்பத் தொடங்கிய ஒரு பையனோ துப்பட்டாவின் நுனியைத் திருகியபடி ஒரு பெண்ணோ வந்துகொண்டிருக்கும். என் மேஜையருகே வந்ததும் தகப்பனார் திரும்பி, "நீ போயி அந்த பெஞ்சுல உக்காருப்பா, நான் சார்கிட்ட பேசிட்டு வந்துர்றேன்" என்பார். பையன் போய் உட்கார்ந்துவிடுவான். அதன்பிறகு, இன்னும் பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு அவன் பெயரில் நிற்கப்போகிற ஒரு கடனைப் பற்றி நாங்கள் இருவரும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருப்போம்.

கல்விக் கடனில் கடனாளி என்பவன் மாணவன்தான். பெற்றோர் இணைக் கடனாளி. மாணவனுக்குப் பதினெட்டு வயது நிறையவில்லையென்றால் பத்திரங்களில் பெற்றோரே கையெழுத்திடுவார்கள். வயது நிறைந்ததும் அவனை வரவழைத்து, தன் சார்பில் எழுதப்பட்டதையெல்லாம் தான் ஏற்பதாக ஒரு கடிதத்தில் ஒப்பம் வாங்கிக்கொள்வோம். அப்படி நான் வாங்கிய கடிதங்களில் ஒன்றையாவது முழுதாகப் படித்துவிட்டுக் கையெழுத்திட்ட பிள்ளை என் நினைவில் இல்லை. படித்துப் பார் தம்பி என்று நானும் வற்புறுத்தியதில்லை. வரிசை நீளமாக இருக்கும். ஆடிட் வேறு நெருங்கிக்கொண்டிருக்கும்.

"நீ படி, மத்ததை நாங்க பாத்துக்கறோம்." தமிழ்க் குடும்பங்களில் இந்த வாக்கியத்தைக் கேட்காமல் வளர்ந்த பிள்ளை இருக்க முடியாது. இதைவிட அன்பான வாக்கியம் ஒன்றை ஒரு தகப்பன் தன் பிள்ளையிடம் சொல்லிவிட முடியும் என்றும் தோன்றவில்லை. என் தகப்பனார் என்னிடம் சொன்னார். நான் என் மகளிடம் சொன்னேன். ஆனால் கடன் பிரிவில் இருந்துவிட்டு வந்தவன் என்ற முறையில், இந்த வாக்கியம் செய்த அளவு சேதத்தை வட்டி விகிதம்கூடச் செய்யவில்லை என்றே நான் எண்ணுகிறேன். கல்லூரிச் செலவுக்குத் திட்டமிடுவது எப்படி என்று நண்பர்கள் அவ்வப்போது கேட்கிறார்கள். எந்தச் சேமிப்பில் போடலாம், எந்த வங்கி நல்லது என்றெல்லாம் விசாரிக்கிறார்கள். என் பதில் அவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். முதலில் அந்தப் பிள்ளையை பெஞ்சிலிருந்து எழுப்பி மேஜைக்கு அழைத்து வாருங்கள் என்கிறேன்.

பொருள் கொடுத்தேனும் கல்வியைப் பெறவேண்டும் என்று புறநானூற்றில் பாடியவன் ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன். அவன் பாண்டிய மன்னன், கருவூலம் அவனுடையது. பாடுவதில் அவனுக்குச் சிரமம் இருந்திருக்காது. அதே பாட்டில், ஒரு வயிற்றுப் பிள்ளைகளுக்குள்ளேயே கற்றவன் பக்கம் தாயின் மனமும் சாய்ந்துவிடும் என்கிறான். அதைச் சொல்லத்தான் அவனுக்கு உலக அனுபவம் தேவைப்பட்டிருக்கும். அண்ணனின் பொறியியல் படிப்புக்குப் போன பணத்தால், தங்கையின் படிப்பு உள்ளூர்க் கல்லூரியோடு நின்றுபோன வீடுகளை நான் ரசீது ரசீதாகப் பார்த்திருக்கிறேன்.

சரி, "மத்தது" என்பதில் என்னென்ன அடக்கம்? ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

2001-இல் இந்திய வங்கிகள் சங்கம் வகுத்த மாதிரித் திட்டத்தின் அடிப்படையில்தான் நம் வங்கிகள் கல்விக் கடன் தருகின்றன. 4 லட்ச ரூபாய் வரை சொத்துப் பிணை கிடையாது, கைக்காசும் போட வேண்டியதில்லை. படிக்கும் காலமும் அதற்குப் பிறகு ஓராண்டும் தவணை கட்டவேண்டாம். இந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் பெற்றோர் முகம் மலர்ந்துவிடும். தவணைதான் இல்லை, வட்டி உண்டு. நான்காண்டுப் படிப்புக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் என்று 4 லட்சம் வாங்கியதாகக் கொள்வோம். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று வட்டியைப் பத்து சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம். முதல் லட்சம் ஐந்தாண்டு நிற்கிறது, வட்டி 50,000. இரண்டாவதற்கு 40,000, மூன்றாவதற்கு 30,000, நான்காவதற்கு 20,000. ஆக, முதல் தவணை கட்டவேண்டிய நாளில் 4 லட்சம் என்பது 5,40,000 ஆகியிருக்கும். பத்தாண்டில் அடைப்பதென்றால் மாதம் ஏறத்தாழ 7,100 ரூபாய். பதினைந்து ஆண்டாக நீட்டிக்கொண்டால் 5,800. ஆனால் கட்டி முடிக்கும்போது மொத்தம் 10 லட்சத்தைத் தாண்டியிருக்கும்.

இதற்கு மாற்று உண்டு. படிக்கும்போதே அந்தந்த மாத வட்டியை மட்டும் கட்டிவரலாம். மேற்படி கணக்கில் முதலாண்டு மாதம் 833 ரூபாய், நான்காமாண்டு 3,333 ரூபாய். அப்படிக் கட்டினால் கடன் 4 லட்சத்திலேயே நிற்கும். தவணை 5,300-க்கு இறங்கிவிடும். ஒழுங்காக வட்டி கட்டுபவர்களுக்கு விகிதத்தில் ஒரு சதவீதம் வரை குறைக்கும் வழக்கமும் உண்டு. முதலாண்டில் மாதம் 833 ரூபாய் என்பது விடுதியில் இருக்கும் ஒரு மாணவன் தன் கைச்செலவைச் சற்றே குறைத்துக்கொண்டு கட்டக்கூடிய தொகைதான். ஆனால் அவனுக்குத் தெரிந்தால்தானே கட்டுவான்.

ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்கு உட்பட்ட குடும்பங்களுக்கு, தொழிற்படிப்பென்றால், தவணை விடுமுறைக் கால வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் 2009-இலிருந்து இருக்கிறது. 2024 நவம்பரில் அறிவிக்கப்பட்ட பிரதமரின் வித்யாலட்சுமி திட்டம், தரவரிசையில் முன்நிற்கும் கல்வி நிறுவனங்களில் சேர்பவர்களுக்கு, 8 லட்சம் வரை வருமானமுள்ள குடும்பமென்றால், 10 லட்ச ரூபாய் வரையிலான கடனுக்கு மூன்று சதவீத வட்டித் தள்ளுபடி தருகிறது. இவையெல்லாம் தாமாக வீடு தேடி வருவதில்லை. தாசில்தார் அலுவலகத்தில் வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று என்று பல படிகள் ஏறி இறங்கவேண்டும். அந்தப் படிகளை ஏற ஜூலை மாதம் உகந்ததல்ல, ஏனென்றால் ஊரே அப்போதுதான் ஏறிக்கொண்டிருக்கும்.

இதுவரை சொன்னது ரசீது உள்ள செலவு. ரசீது இல்லாத செலவு ஒன்று இருக்கிறது. 1984-வாக்கில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்குத் தமிழகத்தில் கதவு திறக்கப்பட்டது. நன்கொடை வாங்கக் கூடாதென்று 1992-இல் மாநில அரசு சட்டமே இயற்றியது. 2002-இல் டி.எம்.ஏ. பாய் வழக்கில் பதினொரு நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பளித்தது. அதற்குப் பின் கட்டண நிர்ணயக் குழுக்கள் வந்தன. சட்டம் இத்தனை படி தாண்டி வந்தும், "டிரஸ்டுக்கு ஏதாவது செஞ்சுடுங்க" என்கிற பேச்சு எல்லா இடத்திலும் ஓய்ந்துவிடவில்லை. ரசீதில்லாத பணத்துக்கு எந்த வங்கியும் கடன் தராது. அந்தப் பணம் நகையிலிருந்தோ நிலத்திலிருந்தோ சீட்டை அவசரமாகத் தள்ளி எடுத்ததிலிருந்தோ வரும். அதுவும் போதாவிட்டால் வட்டிக்காரரிடமிருந்து வரும். 2003-இல் கந்துவட்டித் தடைச் சட்டம் கொண்டுவந்தும் அவர்கள் தொழிலுக்குக் குறைவில்லை. நம் வீடுகளில் கல்வி நிதி என்று தனியாக ஒன்று இருந்ததில்லை. அம்மாவின் கழுத்தில் கிடந்ததுதான் கல்வி நிதி.

2002 என்று நினைவு. சம்பா சாகுபடி செய்யும் ஒரு விவசாயி மகனோடு வந்தார். பையன் வழக்கம்போல பெஞ்சுக்கு அனுப்பப்பட்டான். கடன் விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருக்கும்போது, இடம் வாங்குவதற்கு மட்டும் அரை ஏக்கரைக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். எந்தக் கல்லூரி, யாருக்கு என்பதெல்லாம் இங்கே வேண்டாம். சொல்லிவிட்டு பெஞ்சு இருந்த திசையைப் பார்த்தார். "பையனுக்குத் தெரிய வேணாம் சார். குத்தகைக்கு விட்டிருக்கோம்னு சொல்லியிருக்கேன். படிக்கிற பையன், மனசு ஒடஞ்சிரக் கூடாது." சரி என்றேன்.

ஐந்து வருடம் கழித்து அந்தப் பையன் தனியாக வந்தான். சென்னையில் எதோ ஒரு சிறிய நிறுவனத்தில் வேலை, சொற்பச் சம்பளம். கையில் வங்கியின் நோட்டீஸ். வாங்கியதைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தொகை கூடியிருந்தது. குரலை உயர்த்தினான். "அப்பா பாத்துக்கறேன்னு சொன்னாரு சார். ஒரு ரூபா கட்டல. என்னை மாட்டிவிட்டுட்டு அவர் பாட்டுக்கு நிலத்தை வச்சிக்கிட்டு உக்காந்திருக்காரு." கிளையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நிலம் இல்லை தம்பி, அது உன் கல்லூரியாக மாறி வெகு நாளாகிறது என்று சொல்ல வாயெடுத்தேன். தகப்பனாருக்குக் கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்தது. தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டித் தருவதாக மட்டும் சொல்லி அனுப்பினேன். சொல்லியிருக்கவேண்டும் என்று இன்றும் தோன்றுகிறது. அந்தத் தகப்பனாரும் மகனும் பிறகு எப்படி இருந்தார்கள் என்பது தெரியாது. எனக்கு மாற்றல் வந்துவிட்டது.

பிள்ளையிடம் பணக் கஷ்டத்தைச் சொன்னால் படிப்பு கெட்டுவிடும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் காரணம். இதில் நியாயம் இல்லாமலில்லை. ஓயாமல் செலவைச் சொல்லிக்காட்டும் வீட்டில் பிள்ளை எதையும் கேட்கவே கூசும். ஆனால் சொல்லிக்காட்டுவது வேறு, கணக்கைக் காட்டுவது வேறு. தவிரவும், நாம் சொல்லாததால் பிள்ளைகளுக்குத் தெரியாமல் போய்விடுகிறது என்று நினைப்பதைப்போல் ஓர் அறியாமை இல்லை. அவர்களுக்குப் பாதி தெரியும். மீதியைக் கற்பனை செய்துகொள்வார்கள்.

இதை நான் கற்றுக்கொண்டது வங்கியில் அல்ல, என் வீட்டில். என் மகள் 2003-இல் பிளஸ் டூ முடித்தாள். நல்ல மதிப்பெண். டெல்லியில் போய் வரலாறு படிக்கவேண்டும் என்று பதினொன்றாம் வகுப்பிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தவள், விண்ணப்பிக்கும் நேரத்தில் திடீரென்று உள்ளூர்க் கல்லூரியில் பி.காம். போதும் என்றாள். பெண்பிள்ளை, பயந்துவிட்டாள் என்று நானும் மனைவியும் நினைத்துக்கொண்டோம். உள்ளுக்குள் சற்று ஆசுவாசமாகவும் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்குப் பிறகு உறவினர் வீட்டுக் கல்யாணத்தில், தன் அத்தை மகளிடம் இதை ஒரு வேடிக்கைக் கதையாகச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் பின்வரிசையில் இருந்தேன். ஒரு நாள் ராத்திரி நான் அவள் அம்மாவிடம், "இந்த வருஷம் ரொம்பக் கையக் கடிக்குது, வேற எந்தச் செலவும் தாங்காது" என்று சொன்னதை அடுத்த அறையிலிருந்து கேட்டாளாம். அப்பா பாவம் என்று முடிவு செய்தாளாம்.

அந்த வருடம் கையைக் கடித்தது உண்மைதான். வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைத்துவிடவேண்டும் என்ற வெறியில் சம்பளத்தில் பாதியை அதில் போட்டுக்கொண்டிருந்தேன். அதே சமயம் அவள் படிப்புக்கென்று தனியாக ஒரு வைப்புத்தொகையும் இருந்தது. டெல்லிக்குத் தாராளமாகப் போதும். அவளுக்குத் தெரியாது, நான் சொல்லவில்லை. நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்பதுதான் நான் சொன்னது. அந்த வைப்புத்தொகை பின்னாளில் அவள் கல்யாணத்துக்கு நகையாயிற்று. ஊரார் பிள்ளைகளின் கல்விக் கடனுக்குத் தினமும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவன் வீட்டில் இது நடந்தது.

எனவே காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கல்லூரிச் செலவைப் பற்றிப் பேசவேண்டிய நேரம் பிளஸ் டூ முடிவு வரும் நாள் அன்று. பத்தாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையே அதற்கான நேரம். பதினொன்றில் எந்தப் பிரிவு எடுப்பது என்று தீர்மானிக்கும்போதே, எந்தெந்தப் படிப்புகளுக்கான வாசல் திறந்திருக்கும், அவற்றுக்கு என்ன செலவாகும் என்பதும் பெருமளவு தீர்மானமாகிவிடுகிறது. அதைவிட முக்கியம், நம்மவர்கள் கல்லூரிக்கான பணத்தைக் கல்லூரிக்கு முன்பே செலவழித்துவிடுகிறார்கள். விடுதியோடு கூடிய தனியார் பள்ளி, அதற்குமேல் நுழைவுத் தேர்வுப் பயிற்சி என்று மேல்நிலை இரண்டு வருடங்கள், அதற்குப் பின்வரும் நான்கு வருடங்களின் பணத்தை விழுங்கிவிடுகின்றன. ஒரு சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் கலந்தாய்வு மூலம் சேரும் மாணவனுக்கு 2017-இல் நிர்ணயிக்கப்பட்ட உச்சக் கட்டணம் ஆண்டுக்கு 55,000 ரூபாய். பல பெற்றோர் அதைவிட அதிகத் தொகையை, அந்தக் கலந்தாய்வுக்குத் தயார்செய்ய என்று ஒரே ஆண்டில் பள்ளிக்குக் கட்டியிருப்பார்கள்.

இதில் விசித்திரமான ஒன்றைக் கவனிக்கவேண்டும். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020-இல் மருத்துவத்திலும் 2021-இல் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளிலும் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு வந்தது. அப்படிச் சேர்கிறவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. மேற்படிப்புக்குப் போகும் அரசுப் பள்ளி மாணவியருக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டமும் மாணவர்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் 1,000 ரூபாய் என்று வகுக்கப்பட்டன. ஐந்தாம் வகுப்பு முடிந்த பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று யோசிக்கும் குடும்பம், தன்னையறியாமலேயே கல்லூரிச் செலவையும் முடிவுசெய்கிறது. எல்லோரும் அரசுப் பள்ளிக்குப் போங்கள் என்று உபதேசிக்கும் தகுதி எனக்கில்லை. என் மகளை நான் அனுப்பவில்லை. கூட்டல் கழித்தல் தெரிந்தபின் எடுக்கிற முடிவாக அது இருக்கட்டும் என்கிறேன், அவ்வளவுதான். தனியார் பள்ளிக்கு அனுப்பும் வீடாக இருந்தாலும், ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை மாதம் 2,000 ரூபாயைத் தொடர் வைப்பில் போட்டுவந்தால், ஏழு சதவீத வட்டியில் அது இரண்டு லட்சத்துப் பதினையாயிரம் அளவில் வந்து நிற்கும். பெரிய தொகையில்லை. மேலே பார்த்த கடனில் பாதி குறைந்துவிடும்.

அந்தக் கோடையில் பிள்ளையின் முன் என்ன வைப்பது? வருமானம் எவ்வளவு, ஏற்கெனவே உள்ள கடன் எவ்வளவு, கல்விக்கென்று இருப்பது எவ்வளவு, தம்பி தங்கைக்கு மிச்சம் வைக்கவேண்டியது எவ்வளவு. ஒரு தாளில் அடங்கிவிடும். அதன்பின் அவர்கள் கேட்கும் கேள்விகள் நாம் நினைப்பதைவிடக் கூர்மையாக இருக்கும். விடுதிக்குப் பதில் தினமும் பேருந்தில் போய்வந்தால் என்ன ஆகும்? சேர்ந்தபின் பிடிக்காவிட்டால் கட்டிய பணம் திரும்ப வருமா? (வகுப்பு தொடங்கும் முன் குறித்த தேதிக்குள் விலகினால் சிறு தொகையைக் கழித்துக்கொண்டு திருப்பித் தரவேண்டும், அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக் கூடாது என்பதே விதி. கல்லூரி அலுவலகத்தில் கேட்டால்தான் விதி நினைவுக்கு வரும்.) வங்கிக்கு வரும்போது, அந்த பெஞ்சைத் தாண்டி அவர்களும் வந்து நாற்காலியில் உட்காரட்டும். அதிகாரி சலித்துக்கொண்டாலும் பரவாயில்லை. சலித்துக்கொண்டவர்களில் ஒருவன் என்பதால் சொல்கிறேன், அது சும்மா.

மகளின் பையன் இப்போது ஒன்பதாம் வகுப்பு. சென்ற விடுமுறைக்கு வந்திருந்தபோது அவனையும் மகளையும் கூடத்தில் உட்காரவைத்து, மேற்சொன்ன 4 லட்சக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டினேன். மகள் ஒன்றும் பேசவில்லை. பையன் கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இதெல்லாம் சரி தாத்தா, உங்க பென்ஷன் எவ்வளவு?" என்றான். எனக்குச் சுருக்கென்றது. அது எதுக்குடா உனக்கு என்று சொல்ல வந்துவிட்டேன். மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னேன்.